கடைசி வண்டியில் வந்த பிலோமினா

செய்தி காலைத் தேநீரோடு வந்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து என் கணவர் சிவா கைபேசியைக் கண்ணுக்கு மிகக் கிட்டப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஐரோப்பியப் பயணக் குழு வாட்ஸ்அப்பில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வழக்கமாக அதில் வருவது பிறந்தநாள் கேக் படமும் முழங்கால் வலிக்குக் கைமருந்தும்தான். அன்று பிலோமினாவின் தம்பி ஜெரார்ட் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். "அக்கா விடிய நித்திரையிலேயே போயிட்டா." சிவா கைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"பிலோ போயிட்டா, சாந்தி" என்றார். பிறகு, "இனிப் பின்னுக்கு ஆர்?" என்று கேட்டார்.

பிலோமினாவோடு பயணம் செய்த உங்களுக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிலோமினா கொட்டாஞ்சேனைக்காரர். கொள்ளுப்பிட்டியில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் சின்னதாய் ஒரு பயண அலுவலகம் நடத்தினார். முதலில் மாதா கோயில்களுக்கு யாத்திரைக் கூட்டங்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தவர், பிறகு ஒருநாள் மோட்டர் ஹோம் சுற்றுலா என்று ஒன்றைத் தொடங்கினார். மோட்டர் ஹோம் என்றால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. குடும்பத்துக்கு ஒரு வண்டி, நாமேதான் ஸ்டியரிங் பிடித்து ஓட வேண்டும். பிலோவும் ஜெரார்டும் ஆளுக்கொரு வண்டியில் கூடவே வருவார்கள். வழியும் இரவு தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. நாங்கள் இதில் போகப் போகிறோம் என்றதும் என் மச்சாள் வாயைப் பிளந்தாள். "காசும் குடுத்து, அங்கயும் போய்ச் சமைச்சுக் கோப்பை கழுவுறதோ?" என்றாள். நான் அதைப் பிலோவிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "ஹோட்டல்ல நிண்டா ஐரோப்பாவைப் பாக்கலாம், அக்கா. இதில போனா ஐரோப்பாவில இருக்கலாம்" என்றார்.

முதல் நாள் அந்த அலுவலகத்தில் நடந்தது எனக்கு இப்போதும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. சிவா தன் சாரதிப் பத்திரத்தை மேசையில் வைத்தார். பிலோ அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சாந்தி அக்காட லைசன்ஸ்?" என்றார்.

சிவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவவோ? மீன் வாங்கப் போய் வாறதுக்குள்ள காலி வீதி முழுக்க ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போவா. இவவை நம்பி அந்தப் பெரிய வண்டியைக் குடுக்கிறதோ?"

கொழும்பிலிருந்து காலிக்குப் போகிற அந்தப் பெரிய வீதியில் ஹோர்ன் அடிப்பேன்தான், மறுக்கவில்லை. ஆனால் எதிலும் இடித்ததில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டுக் கேற்றின் இடது தூணை உரசியது யார் என்று அந்த இடத்திலேயே கேட்டிருப்பேன். பிறத்தியார் முன்னால் மனுசனை விட்டுக்கொடுக்கக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உரசியபோது அவர் தூணைத்தான் திட்டினார்.

பிலோ சிரிக்கவில்லை. "ஒரு வண்டிக்கு ரெண்டு பேர் ஓடத் தெரிஞ்சவங்க இல்லாட்டி நான் திறப்புக் குடுக்க மாட்டன், சிவா அண்ணன். ஒரு ஆளுக்குத் தலையிடிச்சா மற்ற ஆள் ஓடணும். இல்லாட்டி நாங்க எல்லாரும் மலையிலயே குடியிருக்க வேண்டியதுதான்." சிவா முணுமுணுத்துக்கொண்டே என் பெயரையும் போடச் சொன்னார். நான் ஓடப் போகிறேன் என்று நானும் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை.

ஜெர்மனியில் வண்டிகளை எடுத்த அன்று எனக்கு ஒரு ஆச்சரியம். எல்லாவற்றுக்கும் தலைவி பிலோ. ஆனால் முதல் வண்டியில் ஏறியது ஜெரார்ட். பிலோ எல்லோருக்கும் பின்னால், கடைசி வண்டியில் ஏறினார். ஏன் என்று கேட்டேன்.

"முன்னுக்குப் போறவனுக்கு ரோட்டைத் தெரிஞ்சாப் போதும். பின்னுக்கு வாற ஆளுக்கு ஆக்களைத் தெரியணும்" என்றார்.

இந்த ஏற்பாட்டை அவர் வெளிநாட்டில் படிக்கவில்லை, கொட்டாஞ்சேனையின் பிரைவேட் பஸ்ஸில் படித்திருக்கிறார். கொழும்பில் பஸ் ஏறிய எல்லோருக்கும் தெரியும். டிரைவர் எவ்வளவு அவசரக்காரனாக இருந்தாலும், பின்வாசல் மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருக்கும் கொண்டக்டர் தகரத்தில் தட்டி "ஹரி, யங்!" என்று சிங்களத்தில் கூவும் வரைக்கும் பஸ் நகராது. சரி, போகலாம் என்று பொருள். கிழவி ஏறிவிட்டாளா, பிள்ளையின் கால் உள்ளே வந்துவிட்டதா என்பதெல்லாம் பின்னால் நிற்பவனுக்குத்தான் தெரியும். பிலோ ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வோக்கி டோக்கி கொடுத்திருந்தார். காலையில் எல்லோரும் இஞ்சினை இயக்கிவிட்டுக் காத்திருப்போம். ஒரு கரகரப்புக் கேட்கும். "பின்னுக்கு நான் இருக்கிறன். ஹரி, யங்!" அந்தக் குரல் வராமல் ஜெரார்ட் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததே இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயரும் 'ஹரி, யங்'தான்.

எங்கள் ஆட்களின் திருவிளையாடல்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு கிராமத்தில் ஒடுக்கமான பாலம். எதிரே ஒரு பால் லொறி வந்து நின்று, லைட்டை ஒருமுறை அடித்தது. இலங்கையில் எதிரே வருகிறவன் லைட் அடித்தால் "நான் வாறன், நீ நில்லு" என்றுதானே அர்த்தம்? ஜெரார்ட் ஏற்கெனவே பாலத்தைக் கடந்திருந்தார். அவருக்கு அடுத்ததாக வந்த பல் டொக்டர் ராஜன் மரியாதையாக நிறுத்தினார். பின்னால் நாங்களும் நிறுத்தினோம். லொறி நகரவில்லை, மறுபடி லைட் அடித்தது. ராஜன் பயந்துபோய் வண்டியைப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கினார். நாங்களும் ஆளையாள் திட்டிக்கொண்டு பின்னுக்கு எடுத்தோம். அப்போது வோக்கி டோக்கியில் பிலோ சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னார்: "டொக்டர், இது காலி வீதி இல்லை. அந்த மனிசன் வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுறான். அவன்ட மரியாதைக்காவது போங்கோ."

இன்னொரு நாள் கருவாடு. அதற்கு நான்தான் காரணம், மறைக்க ஒன்றுமில்லை. கருவாடும் செத்தல் மிளகாயும் பொரித்தேன். வண்டிக்குள் இருந்த புகை மணி ஊரைக் கூட்டியது. பக்கத்து வண்டியில் தங்கியிருந்த ஒரு வயதான ஜெர்மன்காரர் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடி வந்தார். அவர் அதை அமுக்கியிருந்தால் எங்கள் இரவுச் சாப்பாடு நுரைதான். பிலோ எங்கிருந்தோ வந்து அவர் கையிலிருந்து சிலிண்டரை மெதுவாக வாங்கி, கதிரை போட்டு இருத்தி, சோறும் பருப்பும் கருவாடும் போட்டுக் கொடுத்தார். மனிதர் கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டு, இன்னொரு துண்டு கேட்டார். கழிப்பறைப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொட்டும் வேலையை ஆண்களுக்கு மட்டுமே கொடுத்ததும் பிலோதான். "வீட்டில பொம்பிளையள் செய்யிறது காணும். இது லீவு" என்றார். அந்த லீவு உண்மையில் எங்களுக்குத்தான் கிடைத்தது. ஒரு ஏரிக்கரையில் கால்மேல் கால் போட்டிருந்து, என் கணவர் மூக்கைப் பொத்தியபடி பெட்டியை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்த சந்தோசத்தை எந்த அரண்மனையும் எனக்குத் தரவில்லை.

ஒஸ்திரியாவில் நடந்ததை இதுவரை குழுவில் யாருக்கும் சொன்னதில்லை. சிவாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. அவவைப் பற்றி எழுதிறதெண்டால் அதை விட்டிட்டு எழுதேலாது" என்றார்.

நல்ல வெயில். பனிமலைகள் கண்ணைக் கூசவைத்தன. ஒரு சுரங்கப் பாதை முடிய இன்னொன்று வந்தது. சிவாதான் ஓடினார். முதலாவது சுரங்கத்துக்குள் நுழைந்தபோது அவர் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். கவனமாக ஓடுகிறார் என்று நினைத்தேன். அடுத்ததற்குள் போனபோது எங்கள் வண்டி மெல்ல மெல்ல இடதுபக்கம் சரிந்து நடுக்கோட்டில் ஏறியது.

"இஞ்சருங்கோ, கோடு!"

"தெரியும். சும்மா இரு."

அவருக்குத் தெரியவில்லை. எதிரே ஒரு பெரிய லொறி ஹோர்னை அழுத்தியபடி வந்தது. சிவா வலப்பக்கம் ஒடித்தார். அலுமாரிக்குள் இருந்த கோப்பைகள் எல்லாம் உருண்டன. லொறி எங்களைக் கடந்த காற்றில் வண்டி ஆடியது. எனக்கு உயிர் போய் வந்தது. எங்களுக்கு நேர் பின்னால் வந்தது பிலோவின் வண்டி. எல்லாவற்றையும் பார்த்திருப்பார். இனி எல்லோர் காதிலும் விழும்படி வோக்கி டோக்கியில் ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். இத்தனை பேர் முன்னால் ஏச்சு வாங்கினால் சிவா தாங்கமாட்டார். அடுத்த விமானத்தில் வீட்டுக்குப் போவோம் என்பார், அல்லது வீம்புக்கு இன்னும் வேகமாக ஓடுவார். இரண்டில் எது நடந்தாலும் கெடுதிதான்.

வெளிச்சத்துக்கு வந்ததும் கரகரப்புக் கேட்டது. "ஜெரார்ட், எனக்குத் தேத்தண்ணி குடிக்கணும் போல இருக்கு. அடுத்த நிப்பாட்டுற இடத்தில எல்லாரும் நிப்பாட்டுங்கோ."

"இப்பத்தானே குடிச்சனாங்கள், மிஸ்?" என்றார் டொக்டர் ராஜன்.

"நான் குடிக்கயில்லையே" என்றார் பிலோ. காலையில் அவர் இரண்டு கோப்பை குடித்ததை எல்லோரும் பார்த்திருந்தோம்.

நிறுத்திய இடத்தில் பிலோ பிளாஸ்க்கோடு நேரே எங்களிடம் வந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சிவா அண்ணன், எனக்கொரு உதவி வேணும். தனிய ஓடி ஓடி எனக்கு அலுத்துப்போச்சு. என்ட வண்டியில வந்து இருங்கோ. கதைக்கவும் ஆளில்லை, வோக்கி டோக்கி பிடிக்கவும் ஆளில்லை. எனக்கு ஒரு கொண்டக்டர் வேணும்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து, சேர்ந்து போகும்போது நான் கேட்டு சிவா எனக்கு ஸ்டியரிங்கை விட்டுத்தந்ததில்லை. வாக்குவாதம் வரும் என்று நின்றேன். அவர் பிலோவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திறப்பைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சுரங்கத்துக்குள் பயந்ததைவிட அப்போதுதான் அதிகம் பயந்தேன்.

"எனக்கு ஏலாது, மிஸ். இது பஸ் மாதிரிக் கிடக்கு" என்றேன்.

பிலோ என் தோளில் கை வைத்தார். "பின்னுக்கு நான் இருக்கிறன். உங்கட மனிசனும் இருக்கிறார். நீங்க முன்னுக்கு மட்டும் பாருங்கோ. ஹோர்ன் அடிக்கணும் போல இருந்தா வடிவா அடிங்கோ."

அடித்தேன். அடுத்த சுரங்கத்துக்குள் யாருமே குறுக்கே வராதபோதும் நீட்டி ஒரு ஹோர்ன் அடித்தேன். கைகள் வியர்வையில் வழுக்கின. ஆனால் வண்டி கோட்டுக்குள்ளேயே போனது. வளைவுகள் வந்தன, போயின. மலை இறங்கி, கீழே பள்ளத்தாக்கில் மாடுகள் மேய்வது தெரிந்தபோது வோக்கி டோக்கி கரகரத்தது. பேசியது சிவா. "வடிவா ஓடுறாய், சாந்தி." அத்தனை வண்டிகளிலும் கேட்டிருக்கும். அதற்கு மறுமொழி சொல்ல எந்தப் பொத்தானை அமுக்குவது என்றுகூட எனக்கு மறந்துபோனது. அன்று பின்னேரம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது நான் கொஞ்சம் உயரமாகிவிட்டதுபோல் உணர்ந்தேன்.

அதற்குப் பிறகு பயணம் முடியும்வரை சிவா கடைசி வண்டியில்தான் வந்தார். குழுவில் எல்லோரும் அவர்மேல் பொறாமைப்பட்டார்கள். "சிவா அண்ணனை நான் கொண்டக்டரா எடுத்திட்டன், இனித் தரமாட்டன்" என்று பிலோ பெருமை பேசிக்கொண்டு திரிந்தார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சிவாவுக்கு ஓடிய அலுப்பு, அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். கொழும்புக்கு வந்த வாரமே, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத மனுசன் தானாகக் கண் டொக்டரிடம் போனார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, இடது பக்கப் பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டு வந்திருக்கிறது. போனது திரும்பாது, மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாற்றலாம், நல்ல வேளை இப்போதாவது வந்தீர்கள் என்றார் டொக்டர். இவருக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று நான் பல நாள் யோசித்தேன்.

பிலோ போன செய்தி வந்த அன்று காலை சிவா சொல்லித்தான் அது எனக்குத் தெரிந்தது. அன்று கடைசி வண்டியில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பிலோ கேட்டாராம், "எப்ப இருந்து தெரியயில்லை?" சிவா மறைக்கவில்லை. ஒரு வருடமாக இடப்பக்கம் மங்கல், பயணம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்லவில்லை, என்னைக் கொண்டுபோய் ஐரோப்பாவைக் காட்ட வேண்டும் என்று ஆசை, என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறார். பிலோ அவரை அழவிட்டிருக்கிறார். பிறகு சொன்னாராம்: "அக்காட்ட சொல்லுறதும் விடுறதும் உங்கட விருப்பம். டொக்டரிட்ட போறது என்ட விருப்பம். கொழும்புக்குப் போன கிழமையே போகாட்டி நானே வந்து கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவன்."

எனக்கு இருவர்மேலும் கோபம் வந்தது. அதற்குப் பிறகு பிலோ எத்தனை முறை எங்கள் வீட்டில் நண்டுக்கறி சாப்பிட்டிருக்கிறார்! ஒரு மூச்சு விடவில்லை. ஆனால் அந்தக் கோபம் நிலைக்கவில்லை. என் கணவரின் கண்ணையும் காப்பாற்றி, மானத்தையும் காப்பாற்றி, என் கையில் திறப்பையும் தந்த மனுசியோடு எவ்வளவு நேரம்தான் கோபிப்பது? மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். சிவா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அடக்கம் செய்யும் நாள் கொட்டாஞ்சேனையில் கோயில் பூசை முடிந்து பெட்டியை வாகனத்தில் ஏற்றினார்கள். ஜெரார்ட் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார். பின்னால் கார்கள் வரிசைப்பட வேண்டும். அங்கேதான் வந்தது வில்லங்கம். பிலோவோடு பயணம் போன ஒவ்வொருவரும் கடைசியில் வருவது தான்தான் என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். டொக்டர் ராஜன் காரை ஓரம் கட்டி, "நீங்கள் போங்கோ, நான் பின்னுக்கு வாறன்" என்று கை காட்டினார். எங்களோடு பயணம் வந்த கிராண்ட்பாஸ் துணி வியாபாரி ஹனீபா ஜன்னலைத் திறந்து, "இல்ல டொக்டர், நீங்க போங்க, நான்தான் பின்னுக்கு" என்றார். நானும் காரை நகர்த்தவில்லை. பழைய கூட்டங்களில் போனவர்களும் அப்படியே. வீதி முழுக்க ஆளையாள் வழிவிட்டு நிற்கும் கார்கள். முச்சக்கர வண்டிகள் அலறின. ஒரு பொலிஸ்காரர் ஓடி வந்து, "மொகத மே? யன்ன, யன்ன!" என்று சிங்களத்தில் கத்தினார், இதென்ன, போங்கள் போங்கள் என்று. ஒருவரும் அசையவில்லை.

எட்டிப் பார்த்தேன். முன்னால் பெட்டி இருந்த வாகனமும் நகரவில்லை. ஜெரார்ட் டிரைவரின் கையை ஒரு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு, பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. அக்காவின் குரல் வராமல் அவர் ஒருநாளும் புறப்பட்டதில்லை.

என் பக்கத்தில் இருந்த சிவா கதவைத் திறந்து இறங்கினார். கார்களின் பக்கங்களை இடது கையால் தடவிக்கொண்டே நடந்து, ராஜனை முன்னால் போகச் சொன்னார், ஹனீபாவை முன்னால் போகச் சொன்னார். அவர்கள் மறுபேச்சுப் பேசாமல் போனார்கள். திரும்பி வந்து எங்கள் காருக்குப் பின்னால் நின்றார். வீதியில் குரல் உயர்த்திப் பேசுவதையே மரியாதைக் குறைவு என்று நினைக்கிற என் கணவர், ஓய்வுபெற்ற எஞ்சினியர், காரின் தகரத்தில் படார் படார் என்று தட்டினார்.

"பின்னுக்கு நாங்கள் இருக்கிறம், பிலோ. ஹரி, யங்!"

வாகனம் நகர்ந்தது.

எங்கள் கேற்றின் இடது தூணில் அந்தப் பழைய கீறல் இன்னும் இருக்கிறது. பூசுவோம் என்றால் சிவா விடமாட்டார். தினமும் காலையில் நான் காரைப் பின்னுக்கு எடுத்து ஒழுங்கைக்கு இறக்கும்போது அவர் வெளியே வந்து நிற்பார். வீதியை இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு வந்து என் பக்கத்தில் ஏறியிருந்து, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கதவில் ஒரு தட்டுத் தட்டுவார். பிலோமினாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தத் தட்டுதான். அது கேட்காமல் நான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதில்லை.